நடுநிலை வாளி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. இதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை, பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்டவர்களில் எனக்கு மட்டுமே இருந்தது.

மற்றவர்கள் சம்பளக்காரர்கள். பள்ளிச் செலவுக்கும் பழுதுபார்ப்புக்கும் வீட்டு வரியோடு ஒரு சிறப்பு வரி சேர்த்துக் கொடுக்கச் சம்மதமா என்று ஊராரிடம் வாக்கெடுப்பு நடக்கும். அப்போது பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் யாரும், பொதுக் கட்டடத்தில் நின்றுகொண்டு, ‘ஆம் போடுங்கள்’ என்று கேட்கக்கூடாது. மாநிலச் சட்டம். தகவல் தரலாம், ஓட்டுக் கேட்கக்கூடாது. நல்ல சட்டம்தான். யார் கையில் அகப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஊரில் அது டாக்டர் லைல் பிராண்ட்வோல்ட் கையில் அகப்பட்டது.

எல்க்வேல் பள்ளி மாவட்டம் என்பது மொத்தமும் ஒரே கட்டடம். சில வகுப்பறைகள், ஒரு கூடம், ஒரு சமையலறை. பிராண்ட்வோல்ட் மாவட்டத்தின் கண்காணிப்பாளர்; ‘டாக்டர்’ என்பது படித்து வாங்கிய பட்டம், வைத்தியர் இல்லை. பள்ளியின் தலைமை ஆசிரியரும் அவரே. கண்காணிப்பாளராகத் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். தலைமை ஆசிரியராகப் பதில் எழுதுவார். பதில் தாமதமானால் நினைவூட்டல் அனுப்புவார். ஒருமுறை தன்னிடம் தானே விளக்கம் கேட்டு, விளக்கம் திருப்தியாக இல்லை என்று குறிப்பும் எழுதினார்.

‘ஆம்’ கேட்பதற்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சொந்தமாக ஒரு குழு அமைத்து, சொந்தச் செலவில் பலகை நட்டு, சொந்த வாயால் கேட்கலாம். எங்கள் ஊர்க் குழுவுக்குத் தலைவி கார்லின். என் மனைவி. அக்டோபரில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பிராண்ட்வோல்ட் என்னைத் தனியாக அழைத்தார். கையில் மூடி போட்ட பாத்திரம். டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டது. துக்க வீடு என்று அந்த வாரம் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்ததில் ஒன்பதாவது பாத்திரம்.

“மிஸ்டர் லிண்ட், இதைப் பேசற நேரம் இல்ல இது.”

“சரி.”

“ஆனா சாலையோரப் பலகையெல்லாம் அச்சாயிடுச்சு. குழுவோட தொடர்பு எண்ணுன்னு உங்க வீட்டு நம்பர்தான் இருக்கு. தலைவரை மாத்தினா எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும்.”

“மேல ஒரு காகிதம் ஒட்டலாமே.”

“ஒட்டினா எதையோ மறைக்கிற மாதிரி தெரியும். உங்களைத் தலைவரா இருங்கன்னு நான் சொல்லல. சொல்லவும் கூடாது. ஒரு இடம் காலியாகியிருக்குங்கிற தகவலை மட்டும் தர்றேன்.”

நான் அப்போது யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஆட்டினேன்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது, ஆட்டியது சரிதான் என்று தோன்றியது. வளைகுடா ஓரத்துச் சிப்பிக் கொட்டகையில் நான் மேற்பார்வையாளன். சிப்பி உடைக்கும் வேலை விடியுமுன் தொடங்கும். பள்ளி திறப்பது வெளிச்சம் வந்த பிறகு. எங்கள் மகள் டெல்லாவுக்கு ஆறு வயது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த இருட்டு நேரத்தில் அவளை வைத்துக்கொள்ள ஆளில்லை. எனக்கும் சரி, கார்லினுக்கும் சரி, இந்தக் கரையில் உறவு கிடையாது.

பள்ளிச் சமையல்காரி டோரீன் கொட்டகைக்கே வந்து சொன்னாள்.

“தம்பி, காலையில பிள்ளையை என் பின்வாசல்ல விட்டுட்டுப் போ. எப்படியும் ரொட்டி சுட சீக்கிரமே வந்துடறேன். அடுப்புப் பக்கம் உக்காந்து தின்னட்டும்.”

“பிராண்ட்வோல்ட்கிட்ட கேக்கணுமே.”

“கேட்டா கூட்டம் போடுவான். கூட்டம் முடியறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துடும். கேக்காத.”

கேட்கவில்லை. தினமும் இருட்டில் சமையலறைப் பின்கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. என் வேலை நிலைத்தது.

சிறப்பு வரி தோற்றால் பள்ளி மூடப்படும். பிள்ளைகள் மலையைச் சுற்றி ஹார்மன் ஊருக்குப் பேருந்தில் போவார்கள். அந்தப் பின்கதவு இருக்காது. கொட்டகை வேலையும் இருக்காது. ஆகவே தலைவரானேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். தலைவர்கள் இப்படியும் உருவாகிறார்கள் என்பது பாடத்தில் இல்லை.

நவம்பரில் பள்ளியின் பெரிய கூடத்தில் ‘தகவல் மாலை’ என்று ஒரு மாலைக் கூட்டம் நடந்தது. வெளியே மழை. எங்கள் கரையில் நவம்பர் என்றால் மழை. மற்ற மாதங்கள் என்றாலும் மழைதான், பெயர்தான் வேறு.

நகரத்திலிருந்து மாவட்டத்தின் வழக்கறிஞர் ப்ரூயிட் அம்மாள் காணொளி வழியாகச் சுவர்த்திரையில் தோன்றினார். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர். பேச்சின் வேகம் அதற்கு ஏற்றபடி இருந்தது. பிராண்ட்வோல்ட் அவரிடம் முன்பே பயிற்சி எடுத்திருந்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘ஆம்’ என்று பொருள்படும் என்பதால், பேசும்போது கழுத்தை அசைக்காமல் இருக்கப் பழகியிருந்தார். சுளுக்கு விழுந்தவர் போல நின்றார்.

“ஊர்ப் பெரியோர்களே,” என்றார். “வாக்கெடுப்பு ஒண்ணு வருது. அது நல்லதுன்னு நான் சொல்லல. கெட்டதுன்னும் சொல்லல. அது வருது. நிறைவேறினா சில விஷயங்கள் நடக்கும். நிறைவேறலைன்னா வேற சில விஷயங்கள் நடக்கும். இந்தக் கட்டடத்தோட மேற்பகுதி, தண்ணியை வெளியே நிறுத்தறதுல பல இடங்கள்ல வெற்றி கண்டிருக்கு. மத்த இடங்கள்ல முடிவு இன்னும் வரல.”

வெர்ன் ஹக்கபி எழுந்தார். இழுவைப் படகுக் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வரி வந்தாலும் எதிர்ப்பவர். தெருவிளக்கை எதிர்த்தார். தீயணைப்பு வண்டியை எதிர்த்தார். தன் வீட்டுப் புகைக்கூண்டு எரிந்தபோது அந்த வண்டி வந்து அணைத்தது. நன்றி சொல்லிவிட்டு மறுபடி எதிர்த்தார்.

“டாக்டரே, ஒரே ஒரு கேள்வி. கூரை ஒழுகுதா, இல்லையா?”

“மாவட்டம் சில இடங்கள்ல தண்ணி பெற்றிருக்கு.”

“எங்கேயிருந்து?”

“மேல் திசையிலிருந்து.”

“அப்ப ஒழுகுது.”

“அது உங்க கருத்து. அதை நான் மதிக்கிறேன்.”

அப்போது கூடத்தின் நடுவில் வைத்திருந்த நீல வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. அமைதியான கூடம். சத்தம் நன்றாகக் கேட்டது. இன்னொன்றும் விழுந்தது.

“இதோ பாருங்கய்யா!” என்றார் ஹக்கபி. “பொதுக் கட்டடத்துல, பொதுப்பணத்துல வாங்கின வாளி, எல்லார் காதுலயும் விழற மாதிரி ஓட்டு கேக்குது!”

கூடம் சிரித்தது. ஹக்கபியும் சிரித்தார். திரையில் ப்ரூயிட் அம்மாள் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார்.

“புகார் பதிவாயிடுச்சு,” என்றார்.

“என்ன புகார்? நான் கேலிக்குச் சொன்னேம்மா.”

“கேலிக்குச் சொன்ன புகார்னு தனி வகை எங்ககிட்ட இல்ல, சார்.”

“சரி, திரும்ப வாங்கிக்கறேன்.”

“திரும்ப வாங்கினா, மாவட்டம் மிரட்டி வாங்க வெச்சதுன்னு வரும். இதை முழுசா விசாரிச்சே ஆகணும்.”

முழுதாக விசாரித்தார்கள். அதற்கு ஆன கட்டணத்தில் கூரையில் ஒரு மூலையை மாற்றியிருக்கலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் இல்லை என்பதால் அது குற்றமாகவில்லை.

தீர்ப்பு இதுதான். வாளி இருக்கலாம். ஆனால் அது ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறது. சமநிலைக்காக, ஒழுகாத இடத்தில் அதே நிறத்தில், அதே அளவில், இன்னொரு வாளி வைக்கப்பட வேண்டும். இரண்டிலும் ஒரே அட்டை: ‘இந்த வாளி எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை.’ சொட்டும் சத்தம் கேட்காதபடி அடியில் துண்டு போட வேண்டும். நியாயம் கருதி, காய்ந்த வாளிக்கும் துண்டு.

டிசம்பர் மழையில் ஒழுகல் நகர்ந்தது. காய்ந்த வாளியிலும் தண்ணீர் விழத் தொடங்கியது. பிராண்ட்வோல்ட் பதறிப்போனார். எதிர்த்தரப்புக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காய்ந்த இடம் தேடினார். நூலகத்தில் ஒரு நாள் இருந்தது. இசை வகுப்பில் ஒரு மணி நேரம். கடைசியில் கட்டடத்திலேயே நம்பகமாகக் காய்ந்திருந்த இடம் ஒன்றுதான். அவருடைய அலுவலகம். வாளியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெற்றோர் யார் வந்தாலும் முதலில் கூடத்து வாளி, பிறகு அலுவலக வாளி என்று இரண்டையும் காட்டாமல் விடமாட்டார்.

“பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

அந்த மாதமே வாக்குச் சீட்டின் வாசகத்தை எழுதும் கூட்டம். குழுத் தலைவர் என்ற முறையில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். பள்ளி வாரியத்தினர் எழுதிவந்த வரி எளிமையாக இருந்தது. பிள்ளைகளின் பள்ளியை நடத்தவும் ஒழுகும் கூரையை மாற்றவும் வரி கேட்டது. ப்ரூயிட் அம்மாள் திரையிலிருந்தபடி ஒவ்வொரு சொல்லாக அடித்துக்கொண்டே வந்தார்.

“‘பிள்ளைகள்’ எடுத்துடுங்க. கேட்டதும் மனசு இளகுது. ‘ஒழுகும்’ ஒரு கருத்து. ‘மாற்ற’ன்னு சொன்னா இப்ப இருக்கறது மோசம்னு அர்த்தம் வருது.”

“கூரை?” என்றார் வாரியத் தலைவர். பாவம், இறால் படகு வைத்திருப்பவர். மாலையில் கூட்டத்துக்கு வந்தால் பாதியில் தூங்கிவிடுவார். அன்று விழித்திருந்தார்.

“கூரைன்னதும் ஜனங்க வீடு, குடும்பம், பாதுகாப்புன்னு நினைப்பாங்க. ரொம்ப வலுவான சொல்.”

“அப்ப என்னதாம்மா மிஞ்சுது?”

“வாளி ஒரு உண்மை. தொட்டுப் பாக்கலாம். ஆனா ‘வாளி’ன்னு போடாதீங்க, ஏற்கனவே புகார் இருக்கு. ‘கலன்’னு போடுங்க. கதவு, பூட்டு போடலாம். கதவு திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். இயல்பாவே நடுநிலை.”

இறுதி வாசகம் இப்படி வந்தது: ‘எல்க்வேல் பள்ளி மாவட்டம் தன் செயல்பாடுகளையும், மேலிருந்து வருவனவற்றைச் சேகரிக்கும் கலன்களையும், கதவு பூட்டு முதலிய சாதனங்களையும் பேண ஒப்புதல் உண்டா, இல்லையா?’

இதற்கு எப்படி ஓட்டுக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. பிராண்ட்வோல்டிடம் கேட்டேன்.

“அதை நான் சொல்லக்கூடாது,” என்றார். கழுத்து அசையவில்லை.

ஜனவரியில் டெல்லாவின் மேசைக்கு நேர் மேலே ஒழுகல் வந்தது. அவள் புத்திசாலி. மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டாள். மறுநாள் பக்கத்துப் பையனும் மாட்டினான். மூன்றாம் நாள் வகுப்பே மழைக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அறிவிப்பு வந்தது. வகுப்பறைக்குள் மழைக்கோட்டு அணிவது வாக்கெடுப்பு குறித்த உடைவழிக் கருத்து வெளிப்பாடாகக் கொள்ளப்படும். சட்டையில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டு வருவதற்கு ஒப்பானது.

கொட்டகையிலிருந்து நேராகப் போனேன். கையெல்லாம் சிப்பி நாற்றம்.

“அவ நனையறா, டாக்டர்.”

“நனையறது தகவல், மிஸ்டர் லிண்ட். கோட்டு மாட்டறது பிரச்சாரம்.”

“வேற இடத்துல உக்கார வையுங்க.”

“நகர்த்தினா அந்த இடத்துல ஏதோ குறைன்னு மாவட்டமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“அவளுக்கு ஆறு வயசு.”

“சட்டத்துல வயசு வரம்பு இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் பொண்ணு இருக்கா. என் மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

“என்ன இருக்கு?”

“அதைச் சொல்லக்கூடாது.”

அவர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த வாளி சுத்தமாகக் காய்ந்திருந்தது. துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. டெல்லாவைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். அவள் வெறுங்காலோடு மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். காலுறைகள் அடுப்புக் கம்பியில் தொங்கின.

“நான் எதுவும் சொல்லலப்பா,” என்றாள் டோரீன். “அடுப்பு சூடா இருக்கு. பக்கத்துல சாக்ஸ் இருக்கு. ரெண்டும் தகவல்.”

“டோரீன் ஆன்ட்டி, ஜாம் இருக்கா?” என்றாள் டெல்லா.

“இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ரெண்டாவது தட்டுல பாருடி கண்ணு.”

டெல்லா சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. அங்கே தினமும் சிரிக்கிறாள்போல. எனக்குத்தான் தெரியாது.

பிப்ரவரியில் வாக்குச் சீட்டுகள் தபாலில் வந்தன; வீட்டிலேயே குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ‘கலன்’ என்றால் என்ன என்று கேட்டார்கள். மேலிருந்து வருவன என்றால் பறவை எச்சமா என்று ஒருவர் கேட்டார். கார்லின் இருக்கிறாளா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை என்றேன்.

விவசாயிகள் சங்கக் கூடத்தில் குழு ஒரு சூப் விருந்து வைத்தது. சிப்பியும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டி சூப். அது தனியார் கட்டடம், அதனால் அங்கே எதையும் சொல்லலாம். பிராண்ட்வோல்ட் தனி மனிதராக வந்திருந்தார். கண்காணிப்பாளர் அல்ல என்பதைக் காட்ட மீன்பிடித் தொப்பி போட்டிருந்தார். தொப்பிக்குக் கீழே கழுத்து தாராளமாக அசைந்தது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஆட்டினார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். கார்லின் எழுதிவைத்த உரை ஒன்று இருந்தது. எடுத்து வரவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

“பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது. என் பொண்ணு அதுக்குக் கீழ உக்காந்து படிக்கிறா. என் பொண்டாட்டி செத்துப்போனதுலேர்ந்து, நான் கொட்டகைக்குப் போறப்ப, டோரீன் இருட்டுலயே சமையலறைப் பின்கதவைத் திறந்து பிள்ளையை உள்ள வெச்சுக்கறா. பள்ளி மூடினா அந்தக் கதவும் மூடிடும். அப்ப நான் இந்த ஊரை விட்டுப் போகணும். ஆம் போடுங்க.”

உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ஹக்கபி மீசையைத் துடைத்தார்.

“ஏன்டா, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“யாரும் கேக்கல.”

“எனக்கு வந்த வாக்குச் சீட்டுல கலன், சாதனம்னு என்னென்னவோ போட்டிருந்தது. பிள்ளை நனையறான்னு எங்கயும் போடலையே.” தொப்பியை எடுத்து மாட்டினார். “அந்தப் பலகையில ரெண்டு கொடு. என் வாசல்ல நடறேன். என்னைப் பாத்து ஊர் பயந்துபோய் ஆம் போடும்.”

பயந்ததோ இல்லையோ, போட்டது. சிறப்பு வரி நல்ல வித்தியாசத்தில் நிறைவேறியது. முடிவு வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். கொட்டகையில் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். பள்ளி மூடப்படாது. போதும் என்று நினைத்தேன்.

மார்ச் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ப்ரூயிட் அம்மாள் திரையில் இருந்தார். இரண்டு வாளிகளும் மேசைக்கு இருபுறமும் இருந்தன. பிராண்ட்வோல்ட் எழுந்து பேசினார்.

“மக்கள் பேசிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு நம்ம வழக்கறிஞர் விளக்குவாங்க. இத்தனை மாசமும் மாவட்டம் ஒரு சொல்கூடத் தவறிப் பேசல. நாட்டுல பல மாவட்டங்கள் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்குது. ஆனா இவ்வளவு தூய்மையா நடுநிலை காத்த மாவட்டம் வேற இருக்கான்னு எனக்குச் சந்தேகம். சிலபேர் கேக்கலாம், இதனால பிள்ளைங்களுக்கு என்ன லாபம்னு. அந்தக் கேள்விக்கு நாங்க எந்தப் பக்கமும் சாயாம நிக்கறோம்.”

“கூரை எப்ப போடறீங்க?” என்றார் ஹக்கபி.

“எந்தக் கூரை, சார்?” என்றார் ப்ரூயிட் அம்மாள்.

“தலைக்கு மேல இருக்கே, அது.”

“வாக்குச் சீட்டுல கூரைன்னு ஒரு சொல் இல்ல. ஜனங்க எதுக்கு ஒப்புதல் குடுத்தாங்களோ அதுக்குத்தான் செலவு பண்ணலாம். கலன்களுக்குக் குடுத்திருக்காங்க.”

கலன்கள் வாங்க ஏற்பாடாகியிருந்தது. துருப்பிடிக்காத எஃகு. அறைக்கு நான்கு. அவற்றைக் காலி செய்ய ஒரு ஒருங்கிணைப்பாளர் பதவி. தகுதி, பட்டப்படிப்பு. ஹக்கபி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரிக்கு ஆம் போட்டவர் அவர். பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அடுத்து எனக்கு நன்றிப் பட்டயம் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. கை குலுக்கினார்கள். கையை விடாமலேயே பிராண்ட்வோல்ட் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

“மிஸ்டர் லிண்ட் சங்கக் கூடத்துல சொன்ன ஒரு தகவல். நான் அங்க தனி மனிதனாத்தான் இருந்தேன். ஆனா தனி மனிதனாக் கேட்டதைக் கண்காணிப்பாளரா மறக்க முடியல. அதனால எனக்கு நானே கடிதம் எழுதிக்கிட்டேன். பள்ளி நேரத்துக்கு முன்னாடி, காப்பீடு இல்லாத நிலையில, ஒரு மைனர் குழந்தை அடுப்புப் பக்கம் இருந்திருக்கு.”

“பிள்ளை ரொட்டி தின்னுச்சு,” என்றாள் டோரீன். சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். “அவ்வளவுதான்யா நடந்தது.”

“ரொட்டி பத்தி மாவட்டத்துக்கு எந்த நிலைப்பாடும் இல்ல. கதவு பத்திதான்.”

“நான் அதைச் சொன்னதாலதானே ஜெயிச்சீங்க,” என்றேன்.

“அதுக்குத்தான் பட்டயம்,” என்றார். உண்மையாகவே கனிவோடு சொன்னார்.

வரிப்பணத்தில் நடந்த முதல் பழுதுபார்ப்பு வேலை சமையலறைப் பின்கதவின் பூட்டு. நகரத்திலிருந்து ஆட்கள் வந்து பொருத்தினார்கள். சாவி கிடையாது. தானாகக் காலை ஏழு மணிக்குத் திறக்கும், நேரத்தோடு மூடும். முன்வாசலுக்கும் அதே பூட்டு. யாருக்கும் விதிவிலக்கு இல்லை. சமையல்காரிக்கும் இல்லை.

திங்கட்கிழமை இருட்டில் டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மழை. பின்கதவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் தட்டினேன்.

சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஹாரன் ஒலித்தது. டோரீனின் பழைய கார். பள்ளி நிலத்தின் எல்லைக் கல்லைத் தாண்டி, ஹக்கபியின் வேலியோரம் நிறுத்தியிருந்தாள். உள்ளே வெப்பக்காற்று ஓடியது. மடியில் துணி சுற்றிய ரொட்டி.

“வீட்டுலயே சுட்டுட்டேன். ஏறுடி உள்ள.” என்னைப் பார்த்தாள். “நீ போ தம்பி. இது என் வண்டி. இது ஹக்கபி கிழவன் நிலம். நான் இன்னும் வேலை நேரத்துல இல்ல. எவனும் கூட்டம் போட முடியாது.”

“எத்தனை நாளைக்கு இப்படி?”

“தெரியல. வண்டியில பெட்ரோல் இருக்கற வரைக்கும். போ, நேரமாச்சு.”

டெல்லா முன் இருக்கையில் ஏறி ரொட்டியைப் பிரித்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது சாலையில் ஒரு குடை வந்தது. பிராண்ட்வோல்ட். அன்று ஏதோ வேலையாகச் சீக்கிரமே வந்திருந்தார். பள்ளி முன்வாசலில் நின்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். மேலே பார்த்தார். காற்று வந்து குடையைத் திருப்பிப் போட்டது. குடையைச் சரிசெய்ய முயன்றார். பிறகு விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி எங்களை நோக்கி வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். குனிந்து காரின் பின்கதவுக் கண்ணாடியைத் தட்டினார்.

“டோரீன், ஏழு மணி வரைக்கும் கொஞ்சம் உள்ள உக்காந்துக்கலாமா?”

அவர் கேட்டுவிட்டார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒன்றை நேராகக் கேட்டார்.

டோரீன் திரும்பி டெல்லாவைப் பார்த்தாள். டெல்லா ரொட்டியை மென்றுகொண்டே அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு இருக்கையில் முட்டி போட்டு, பின்பக்கம் கையை நீட்டி, பூட்டுக் குமிழைக் கீழே அழுத்திக் கதவைப் பூட்டினாள்.

எனக்கு நேரமாகியிருந்தது. கொட்டகைக்குக் கிளம்பினேன்.